வெயிலு பாறையத் தொடட்டும்: சேர்வராயன் மலையில் ஓர் ஐப்பசி நடை

ஐப்பசியில் மலைக்கு நடக்கப் போகிறோம் என்றால் சேலத்தில் இரண்டு விதமான பதில் வரும். "மழைக்காலத்துல எவனாவது மலை ஏறுவானா?" என்பது ஒன்று. "இப்பதான் போகணும், பச்சைப்பசேல்னு இருக்கும்" என்பது இன்னொன்று. இரண்டுமே பாதி சரி. தென்மேற்குப் பருவம் ஓய்ந்து வடகிழக்குப் பருவம் பிடிக்கிற இந்த வாரங்களில் சேர்வராயன் மலை ஒரே நாளில் மூன்று நான்கு முகம் காட்டும். விடியலில் மூடுபனி, பத்து மணிக்குக் கண் கூசுகிற வெயில், மூன்று மணிக்கு மேட்டூர்ப் பக்கம் கருக்கல், ராத்திரி இடியும் மழையும். மண் பாதையில் நடப்பவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை, நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறு பக்கம் பள்ளம் என்று போகிற ஒற்றையடிப் பாதையில்தான் எத்தனை மணிக்கு எங்கே நிற்கிறோம் என்பது முக்கியமாகிறது.

போன தீபாவளி பலகாரம் தீர்வதற்குள் அப்படி ஒரு பாதைக்குப் போனோம். நான், கல்லூரியில் படிக்கும் என் மகள், சென்னையிலிருந்து தீபாவளிக்கு வந்திருந்த மச்சினன். கூடவே அந்த மலைக்கிராமத்துப் பெரியவர் ஒருவர். அறுபதைத் தாண்டியவர். அந்தப் பாதையில் சிறுவயதிலிருந்து ஆடு மேய்த்தவர். நாகலூர்ப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். சரியான இடத்தைச் சொன்னால் அடுத்த ஞாயிறே பைக்குகள் வரிசை கட்டி நிற்கும், பாட்டு ஸ்பீக்கரோடு.

கிளம்பும் முன்பே ஒரு வேலை உண்டு, பலரும் கடைசியில் நினைப்பது. இந்த மலையில் காலை வைக்கிற இடமெல்லாம் யாருடையதாவது இருக்கும். காபித் தோட்டம் என்றால் தனியார் எஸ்டேட், அதைத் தாண்டினால் காப்புக்காடு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றம் போனவர்கள் சிக்கி 23 பேர் இறந்த பிறகு, காட்டுக்குள் நடப்பதற்கென்றே தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று இணையத்தில் பதிவு செய்து போகிற ஏற்பாட்டைத் தொடங்கியது, 40 பாதைகள். அதில் சேலம் மாவட்டமும் இருக்கிறது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் அதில் பதிவு செய்துகொண்டு போவதுதான் நல்லது, வழிகாட்டியும் அதிலேயே கிடைத்துவிடுவார். நாங்கள் போனது இரண்டு ஊர்களுக்கு நடுவே ஊர்க்காரர்கள் காலங்காலமாகப் புழங்கும் பாதை. அதற்கும் பெரியவர் முதல் நாளே வனக்காப்பாளரைப் பார்த்துச் சொல்லி, சம்மதம் வாங்கி வைத்திருந்தார். கேட்காமல் போய் மாட்டிக்கொள்வதில் என்ன வீரம் இருக்கிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

விடியற்காலை இருட்டில் சேலத்தை விட்டோம். அடிவாரம் வரை வேர்வை. இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி முடிக்கும்போது மச்சினன் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஸ்வெட்டரைத் தேடினான். சேலம் ஊர் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் போல, ஏற்காடு 1,500 மீட்டர் போல. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. கீழே 24 என்றால் மேலே 16. அதில் ஈரத் துணியும் காற்றும் சேர்ந்தால் பல் அடிக்கத் தொடங்கிவிடும். ஆனால் நடக்க ஆரம்பித்த கால் மணி நேரத்தில் அந்த ஸ்வெட்டரே எதிரி. உள்ளே வேர்த்து, நின்றவுடன் அந்த வேர்வையே குளிர் கொடுக்கும். மெல்லிய சட்டை ஒன்று, அதன்மேல் காற்றும் தூறலும் புகாத மேலங்கி ஒன்று. கம்பளி பையிலேயே இருக்கட்டும், உட்காரும்போது எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். பருத்தி ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் ஒரு கிலோ கூடும், சாயங்காலம் வரை காயாது.

ஆறரைக்கெல்லாம் ஊரில் இறங்கிவிட்டோம். மலையேற்றம் என்றால் அதிகாலையில் கிளம்ப வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். பெரியவர் எங்களை ஒரு திண்ணையில் உட்கார வைத்து வரக்காபி கொடுத்தார். ஏழு ஆனது. ஏழரை ஆனது. மச்சினன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஐயா, போலாங்களா?"

"எங்க தம்பி போறது? ராத்திரி மழ பேஞ்சிருக்குது. வெயிலு பாறையத் தொடட்டும்."

எட்டு மணி தாண்டித்தான் எழுந்தார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே இவ்வளவு எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம். அந்தப் பாதை மலையின் கிழக்கு முகத்தில் இருக்கிறது. ராத்திரி மழையும் விடியல் பனியும் பாறையை நனைத்திருக்கும். மூடுபனி விலகி, சூரியன் நேராக அடிக்கத் தொடங்கி ஒரு மணி நேரமாவது ஆனால்தான் பாறை உலரும். ஒன்பது, ஒன்பதரை. அதே கிழக்கு முகம் பகல் ஒன்றரை, இரண்டுக்கு மேல் நிழலுக்குள் போய்விடும். அதற்கப்புறம் நனைந்தால் மறுநாள் வரை ஈரம்தான். வடகிழக்குப் பருவத்தில் மழையும் காற்றும் பெரும்பாலும் கிழக்கிலிருந்தே வந்து அந்த முகத்தில்தான் அடிக்கும். ஆக, அந்தப் பாறையோரத்தில் கால் வைக்கத் தோதான நேரம் ஒன்பதரையிலிருந்து ஒன்றரை வரை. அவ்வளவுதான். கைபேசியில் வானிலை பார்த்தால் 'ஏற்காடு, மழை வாய்ப்பு இத்தனை சதவீதம்' என்று வரும். பாறை எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று அது சொல்லாது. மேற்குப் பார்த்த பாறையில் வெயில் விழவே பதினொன்று, பன்னிரண்டு ஆகிவிடும், அது காய்கிற நேரத்துக்கு இடி மேகம் கட்டத் தொடங்கியிருக்கும். ஐப்பசியில் அந்த மாதிரிப் பாதைகளுக்கு நான் போவதே இல்லை. தை மாதம் வரை அவை எங்கேயும் ஓடிப்போகாது.

முதல் அரை மணி நேரம் காபித் தோட்ட ஓரம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, அடியில் காபிச் செடி. காய்கள் பச்சையிலிருந்து மஞ்சளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன, ஒன்றிரண்டு சிவப்பு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வைத்த பயிர் இது. இன்று காபி இல்லாத சேர்வராயன் மலையை நினைத்துப் பார்க்க முடியவில்லை. தோட்டத்தில் காட்டுமாடு இறங்கும் என்று பெரியவர் முன்னால் போய் அவ்வப்போது கனைத்தார். காட்டுமாட்டைப் பார்த்தால் போட்டோ எடுக்கக் கிட்டே போகாமல், நின்று, அது போக வழி விட்டுப் பின்வாங்க வேண்டும். நாங்கள் பார்த்தது சாணம் மட்டும்தான்.

அப்புறம் புல்வெளிச் சரிவு. பாறையைப் பற்றிப் பயப்படுகிற அளவுக்கு யாரும் ஈரப் புல்லைப் பற்றிப் பயப்படுவதில்லை. நீளமான புல் சரிவோடு படிந்து கிடக்கும்போது அதன்மேல் கால் வைத்தால் கீழே மண்ணே கிடைக்காது. புல்லின் அடிக் கொத்தில், வேர் இருக்கிற திட்டில் காலை வைக்க வேண்டும். மகள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். மச்சினன் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தான், பேன்ட்டின் பின்பக்கம் முழுக்கச் செம்மண்.

புல்வெளி முடிகிற இடத்தில் பெரியவர் செருப்பைக் கழற்றினார். ஒரு கல்லின்மேல் சூடம் ஏற்றி, "சேர்வராயா" என்று சன்னமாகச் சொல்லிக் கும்பிட்டார். மலை உச்சியில் குகைக்குள் காவேரியம்மனோடு இருக்கிற அந்த சாமிதான் இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களுக்கு (கேரளத்து மலையாளிகள் இல்லை) காவல். செருப்பை மறுபடி போட்டுக்கொள்ளவில்லை, இடுப்பில் சொருகிக்கொண்டார். "காலுக்குத் தெரியும் தம்பி" என்றார். நமக்குத் தெரியாது, அதனால் நமக்கு ஷூதான்.

ஷூ பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். விலை முக்கியமில்லை, அடிப்பாகம்தான் முக்கியம். நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்குகிற மென்மையான ரப்பர் வேண்டும். நகமே இறங்காத கட்டை அடிப்பாகம் காய்ந்த பாறையிலேயே சறுக்கும். தேய்ந்துபோன ஓட்டப் பயிற்சி ஷூவும் ஆகாது. முன்விரலுக்கு அரை அங்குலம் இடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் இறங்கும்போது நகம் கறுத்துவிடும். மகளுடைய ஷூ லேஸை ஏறும்போது ஒரு மாதிரி, இறங்கும்போது கணுக்கால் பக்கம் இறுக்கி இன்னொரு மாதிரி கட்டச் சொன்னேன். "அப்பா, இதுக்கெல்லாமா" என்றாள், ஆனால் கட்டினாள்.

பாறையோரம் மொத்தமே இருநூறு மீட்டர் இருக்கும். இடப்பக்கம் செங்குத்தாகப் பாறை, வலப்பக்கம் புதரும் பள்ளமும். நல்ல இடத்தில் நான்கடி அகலம், மோசமான இடத்தில் ஒன்றரை அடி. சேர்வராயன் மலையின் பாறை பெரும்பாலும் சார்னோக்கைட். சென்னை பரங்கிமலையில் இருப்பதும் இதே வகைதான். உடைத்துப் பார்த்தால் உள்ளே கருநீலமும் பச்சையும் கலந்த நிறம், வெளியே வெயிலும் மழையும் பட்டுப் பழுப்பு. கையை வைத்துப் பார்த்தால் உப்புத்தாள் போல் சொரசொரக்கும். காய்ந்திருக்கும்போது இந்தச் சொரசொரப்பை நம்பலாம். சரிவான பாறையிலும் முழு உள்ளங்காலும் பதிய வைத்து நின்றால் ஷூ அசையாது. மோசம் செய்வது அதன்மேல் ஓடும் கறுப்புக் கோடுகள். மேலே புல்வெளியில் ஊறிய மழைத்தண்ணீர் நாள்கணக்கில் கசிந்து, வழிகிற தடத்தில் பாசி பிடித்துக் கறுத்துக் கிடக்கும். வெயிலில் மற்ற இடம் காய்ந்த பிறகும் அந்தக் கோடு மட்டும் மினுங்கும். பெரியவர் ஒவ்வொரு கோட்டின் முன்னும் நின்று, கட்டை விரலால் தேய்த்துப் பார்த்து, பிறகு தாண்டினார். மிதிக்கவில்லை, தாண்டினார். தாண்ட முடியாத அகலத்தில் ஒன்று இருந்தது. அதில் ஒரு கைப்பிடி காய்ந்த மண்ணை அள்ளித் தூவி, அதன்மேல் கால் வைக்கச் சொன்னார். எந்த மலையேற்ற வகுப்பிலும் இதைச் சொல்லித் தந்து நான் பார்த்ததில்லை. மண் என்றால் தூள் மண். சரளை கிடந்தால் அதையும் காலால் ஒதுக்கிவிட்டுத்தான் நின்றார்.

உடம்பை எப்படி வைத்துக்கொள்வது என்பதில்தான் மச்சினன் திணறினான். பயம் வந்தால் உடம்பு தானாகவே பாறைச் சுவர் பக்கம் சாயும். அது பாதுகாப்பு மாதிரித் தோன்றும். நிஜத்தில் மேல் உடம்பு உள்ளே சாயச் சாய பாதம் வெளிப்பக்கம் உந்தப்படும், ஷூவின் விளிம்பு மட்டும் பாறையில் இருக்கும், சறுக்குவதற்கு வேறென்ன வேண்டும்? நேராக நிற்க வேண்டும். எடை முழுக்கப் பாதத்துக்கு மேலே. இடது கை பாறையைத் தொட்டுக்கொண்டு வரலாம், தொங்கக் கூடாது. பிடித்த கல்லை இழுக்காமல் கீழ்நோக்கி அழுத்த வேண்டும், இழுத்தால் கல்லே கையோடு வந்துவிடும். சின்னச் சின்ன அடி. இரண்டு காலும் ஒரு கையும் உறுதியாக இருந்தால்தான் மறு கையை எடுக்கலாம், இரண்டு கையும் ஒரு காலும் உறுதியாக இருந்தால்தான் மறு காலை எடுக்கலாம்.

போதாக்குறைக்கு அவன் பையின் பக்கவாட்டில் சுருட்டிய பாய் ஒன்று குறுக்கே கட்டியிருந்தது, உட்கார்ந்து சாப்பிட என்று அக்கா கொடுத்துவிட்டது. குறுகலான இடத்தில் பாயின் முனை பாறையில் இடித்து அவனை அரை அடி வெளியே தள்ளியது. பள்ளம் பக்கம். சத்தம் வராமல் நின்றுவிட்டான். கால் உதற ஆரம்பித்தது, முழங்கால் தையல் மிஷின் மாதிரி ஆடியது.

"மாமா, என்னால முடியாது. முன்னாலயும் போக முடியாது, பின்னாலயும் வர முடியாது."

இந்த நேரத்தில் நான்கு பேர் நான்கு யோசனை சொன்னால் ஆள் இன்னும் கலங்கிப்போவான். பயப்படாதே என்பதும் உதவாது, அவன் ஏற்கெனவே பயந்தாயிற்று. பெரியவர் கையைக் காட்டி எங்களைச் சும்மா இருக்கச் சொன்னார். தானே வெளிப்பக்கம், அவனுக்கு ஓரடி கீழே ஒரு திட்டில் இறங்கி நின்றுகொண்டார். இப்போது அவன் பார்வைக்குப் பள்ளத்துக்குப் பதில் ஒரு ஆள் தெரிந்தார்.

"தம்பி, பையக் கழட்ட வேணாம். அந்த வெள்ளக் கல்லு தெரியுதா? அதுல வலது காலு. அப்புறம் மூச்சு விடுங்க. அப்புறம் இந்தக் குழி."

மூன்று அடிதான். அதைத் தாண்டியதும் நான்கடி அகலம் வந்தது. உட்கார வைத்தோம். தண்ணீர், ஒரு கடலை மிட்டாய். பத்து நிமிஷத்தில் முகத்தில் ரத்தம் வந்தது. பாயைப் பிரித்துப் பையின் உள்ளே முதுகோடு செங்குத்தாகச் செருகினோம். பக்கவாட்டில் தொங்குகிற எதுவும், பாட்டில், குடை, செல்ஃபி குச்சி, இப்படிப்பட்ட இடத்தில் கூடாது. பையின் வார்களை இறுக்கி முதுகோடு ஒட்ட வைக்க வேண்டும். ஊன்றுகோலையும் மடக்கிப் பைக்குள் வைத்துவிட வேண்டும், அந்தக் கை பாறைக்கு வேண்டும்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதே எதிர்ப்பக்கத்திலிருந்து விறகுச் சுமையோடு இரண்டு பெண்கள் வந்தார்கள். நாங்கள் எழுந்து மரியாதைக்கு வெளிப்பக்கம் ஒதுங்கப் பார்த்தோம். "உள்ள நில்லுங்க, உள்ள நில்லுங்க" என்று ஒரு அக்கா அதட்டினார். எதிரே ஆளோ ஆடோ மாடோ வந்தால் நாம் பாறைச் சுவரை ஒட்டித்தான் நிற்க வேண்டும், வருபவர்கள் வெளிப்பக்கம் போய்க்கொள்வார்கள். ஆட்டுக்கு இடித்துத் தள்ளுகிறோம் என்ற எண்ணமெல்லாம் கிடையாது. அவர்கள் கடந்து போனபோது விறகுக் கட்டின் முனை என் மூக்குக்கு நாலு விரல் தள்ளிப் போனது. அவர்கள் காலைப் பார்த்தேன். ரப்பர் செருப்பு. கீழே குனிந்து பார்க்கவே இல்லை.

அந்த முகட்டின் நெற்றியில் பாறைக்கு அடியில் மலைத்தேனீ அடைகள் இரண்டு தொங்கின, பழைய அடைகளின் தழும்பு நிறைய. பெரியவர் ஊரிலேயே மச்சினனை மோந்து பார்த்து முகம் கழுவி வரச் சொன்னதன் காரணம் அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. சென்ட், வாசனை ஸ்ப்ரே, சிகரெட் புகை, கூச்சல், எதுவும் ஆகாது. தேனீ கிளம்பினால் கையால் விரட்டாமல் முகத்தை மூடிக்கொண்டு தூரமாக ஓட வேண்டும் என்று சொல்வார்கள். ஒன்றரை அடிப் பாதையில் எங்கே ஓடுவது? அதனால் அங்கே பேச்சே இல்லாமல் கடந்தோம்.

பாறையோரம் முடிந்தபின் மறுபடி புல்வெளி, அதற்கு மேல் ஒரு மொட்டைப் பாறை. அதுதான் போக வேண்டிய இடம். ஆனால் கிளம்பும்போதே பன்னிரண்டு மணி என்று பேசி வைத்திருந்தோம். எங்கே இருந்தாலும் பன்னிரண்டுக்குத் திரும்புவது. பன்னிரண்டு அடிக்கும்போது மொட்டைப் பாறை கண்ணெதிரே, இருபது நிமிஷ நடை. இப்போது பேச்சு வந்தது மகளிடமிருந்து.

"அப்பா, வானத்துல ஒண்ணுமே இல்ல. இருபது நிமிஷம்தானே?"

இருபது போக, இருபது வர, அங்கே போட்டோ எடுக்க அரை மணி. ஒன்றே கால் ஆகிவிடும், அதற்கப்புறம் பாறையோரம். வானத்தில் ஒன்றுமில்லை என்பதும் முழுக்கச் சரியில்லை. மேற்கே பஞ்சுப் பொதி போல இருந்த மேகங்கள் உயரமாக வளர ஆரம்பித்திருந்தன. அகலமாகப் பரவுகிற மேகத்தைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. செங்குத்தாக வளர்கிற மேகம்தான் ஐப்பசியில் இடி கொண்டுவரும். பெரியவர் எதுவும் சொல்லவில்லை, எழுந்து வந்த வழியே திரும்பி நின்றார். விவாதம் முடிந்தது.

சாப்பாடு புளிசாதம், தட்டுவடை, எள்ளுருண்டை. குரங்குகள் இல்லாத இடமாகப் பார்த்து, பையிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துச் சாப்பிட்டோம். பிளாஸ்டிக் உறையின் சரசரப்பு ஏற்காட்டுக் குரங்குக்கு நன்றாகத் தெரியும். ஆளுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர் கொண்டுபோயிருந்தோம். குளிரில் தாகம் தெரியாது, அதற்காகக் குடிக்காமல் இருந்தால் மத்தியானம் தலைவலியும் கால் பிடிப்பும் வரும்.

திரும்பும்போது பாறையோரம் நன்றாகக் காய்ந்திருந்தது. மச்சினன் காலையில் உறைந்து நின்ற இடத்தைச் சாதாரணமாகக் கடந்து, "இங்கயா மாமா நின்னேன்?" என்று கேட்டான். அதே பாறை, அதே ஒன்றரை அடி, நடுவில் மூன்று மணி நேர வெயில். நாங்கள் பாதி தாண்டும்போதே மேல்பகுதியில் நிழல் இறங்கிக்கொண்டிருந்தது.

அடி பட்டது பாறையில் இல்லை. எல்லாம் முடிந்து, தோட்டத்துக்குள் ஜீப் போகிற அகலமான பாதைக்கு வந்து, பேசிச் சிரித்துக்கொண்டு இறங்கும்போது சரளையில் மகளின் கால் மடங்கியது. கெட்டித் தரையில் உருளுகிற சின்னக் கற்கள். கடினமான இடம் முடிந்ததும் கவனம் கழன்றுவிடுகிறது, கால் தசையும் அந்நேரம் களைத்திருக்கும். நான் பார்த்த கணுக்கால் சுளுக்குகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட சுலபமான இடத்தில், கடைசி இரண்டு கிலோமீட்டரில் நடந்தவை. சரளைச் சரிவில் இறங்கும்போது பின்னால் சாய்வது நம் வழக்கம், அதுதான் வாரிவிடும். முழங்காலை லேசாக மடக்கி, எடையை முன்பாதத்துக்குக் கொண்டுவந்து, அடியைச் சுருக்கி இறங்க வேண்டும்.

ஷூவைக் கழற்றிப் பார்க்க அவள் குனிந்தாள், வேண்டாம் என்றேன். இன்னும் நடக்க வேண்டியிருந்தால் ஷூவைக் கழற்றாமல் இருப்பது நல்லது. வீங்கிவிட்டால் மறுபடி நுழையாது, ஷூவே ஒரு கட்டு மாதிரித் தாங்கும். கணுக்காலின் இரண்டு பக்க எலும்பையும் விரலால் அழுத்திப் பார்த்தேன், உயிர் போகிற வலி இல்லை. எழுந்து நான்கு அடி வைக்கச் சொன்னேன், நொண்டினாலும் வைத்தாள். எலும்பின் மேலேயே வலித்தாலோ நான்கு அடி வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும், நடக்க வைக்கக் கூடாது. ஷூவின் மேலேயே கிரேப் பேண்டேஜ் எட்டு போட்டுச் சுற்றினோம். பெரியவர் இரண்டு நிமிஷத்தில் ஒரு கம்பு வெட்டிக் கொடுத்தார். அவள் பை மாமன் முதுகுக்குப் போனது.

முக்கால் மணி நேரத்தில் இறங்க வேண்டிய தூரத்துக்கு இரண்டரை மணி நேரம் பிடித்தது. ஊருக்கு வந்து சேரும்போது ஐந்து. ஐப்பசிக் கடைசியில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும், மரத்தடியில் அதற்கும் முன்பே இருட்டு. மொட்டைப் பாறைக்குப் போயிருந்தால் அந்தக் கடைசி நடை டார்ச் வெளிச்சத்தில்தான். திரும்புகிற நேரத்தை நான் மழைக்காக மட்டும் வைப்பதில்லை. ஒரு சுளுக்கு, அறுந்த ஷூ, வழி தவறுதல், இவற்றில் ஏதோ ஒன்றுக்கு இரண்டு மணி நேரத்தைக் கையிருப்பாக வைப்பது வழக்கம். பெரும்பாலும் செலவாகாது. அன்றைக்குச் செலவானது.

வழியில் மேற்கே மின்னல் வெட்டியது. மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் நடுவில் விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் தூரம் என்று தோராயமாகக் கிடைக்கும். முப்பது விநாடிக்குள் சத்தம் வந்தால் மொட்டைப் பாறையிலும் தனி மரத்தடியிலும் இருக்கக் கூடாது. எங்களுக்கு ஐம்பது வரை எண்ணியும் சத்தம் எட்டவில்லை. மழையும் வரவில்லை. சேலம் வந்து, குளித்து, இரவுச் சாப்பாடு முடியும் வரை ஒரு சொட்டு விழவில்லை. "மாமா, உங்க மேகம் எங்க?" என்று மச்சினன் அந்த வாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்கட்டும்.

வீட்டில் அம்மா பேத்தியின் காலைப் பார்த்ததும் எண்ணெய்க் கட்டுப் போட வேண்டும் என்று நின்றார். வீக்கம் மறுநாள் காலையில் நீலமாகியிருந்ததால் முதலில் எக்ஸ்ரே, அப்புறம் பேசலாம் என்றோம். முறிவு இல்லை. முதல் இரண்டு நாள் ஐஸ், காலை உயர்த்தி வைத்தல், அழுத்தக் கட்டு. சூடும் தேய்ப்பும் அந்த இரண்டு நாளில் வீக்கத்தை அதிகப்படுத்தும் என்று மருத்துவர் சொன்னதை அம்மா ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் எண்ணெய் பாட்டிலை உள்ளே வைத்துவிட்டார்.

பையில் இருந்து அன்று நிஜமாகவே பயன்பட்டவை: கிரேப் பேண்டேஜ், கடலை மிட்டாய், மேலங்கி. பயன்படாமல் போனாலும் அடுத்த முறையும் எடுத்துப்போகப்போவது நெற்றியில் கட்டும் டார்ச், விசில், பவர் பேங்க், ஒரு பாக்கெட் உப்புச் சர்க்கரைக் கரைசல் தூள். பாறையோரம் முழுக்க சிக்னல் கிடையாது. வரைபடத்தை முன்கூட்டியே கைபேசியில் இறக்கி வைத்திருந்தேன். எந்த வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். மழை ஓயாமல் பெய்த வாரமாக இருந்தால் பாதையைப் பற்றி யோசிக்கும் முன் மலைச் சாலையைப் பற்றி விசாரிக்க வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டுச் சாலையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. குப்பனூர் வழி இன்னொரு சாலை இருக்கிறது என்றாலும் அதுவும் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது.

பெரியவருக்குக் கொடுக்கும் பணத்தில் பேரம் பேசாதீர்கள். ஒரு நாள் தோட்டக் கூலியை விட்டுவிட்டு வருகிறார். நாங்கள் பேசியதற்கு மேல் கொடுத்தபோது வாங்கிக்கொண்டு, மச்சினனிடம், "மொட்டப் பாறைக்குத் தையில வாங்க தம்பி, அந்தப் பாய் வேணாம்" என்றார். தை என்று குறித்து வைத்திருக்கிறோம். மாசி, பங்குனி ஆகிவிட்டால் காட்டுத்தீக் காலம் என்று நடையை நிறுத்திவிடுவார்கள். மகள் இப்போது அடிபட்ட காலில் மட்டும் நின்று, கண்ணை மூடி, அரை நிமிஷம் தள்ளாடாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறாள், பல் விளக்கும்போது.